துருவக் குளத்து டயாட்டம் புதிய சிற்றினமா என்று முடிவு செய்வது எப்படி?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். அன்டார்க்டிக் தீபகற்பத்துக்கு அருகே, தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் ஒரு சிறு குளத்தின் கரையில் எடுத்த மாஸ் (பாறையிலும் ஈரமண்ணிலும் வளரும் சிறு பசுந்தாவரம்) மாதிரி கையில் இருக்கிறது. லூட்டிகோலா பேரினத்தைப் போன்ற ஒரு டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச்செல் பாசி) அதில் நிறைய வருகிறது. நீளம் ஏறத்தாழ 20 மைக்ரான். ஐரோப்பிய நன்னீர் டயாட்டம் நூல்களில் உள்ள எந்தப் படத்தோடும் அது பொருந்தவில்லை. இதைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்கலாமா, அதற்கு என்னென்ன வேண்டும், டி.என்.ஏ. கட்டாயமா?

புதியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டி.என்.ஏ. கட்டாயம் இல்லை. ஆனால் ஐரோப்பிய நூலில் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரி கூட எழுத முடியாது. ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அன்டார்க்டிக் டயாட்டம்களைப் பற்றிய குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

நுண்ணுயிர்கள் எங்கும் பரவியிருக்கும், எது செழிக்கும் என்பதைச் சூழல்தான் தேர்ந்தெடுக்கும் என்று பாஸ் பெக்கிங் 1934 இல் எழுதிய கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. அதை நம்பியவர்களுக்கு ஐரோப்பிய நூல் ஒன்று போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்த மாதிரியையும் அதைக் கொண்டு பெயரிட்டுவிடலாம். கிராமரும் லாங்கே-பெர்ட்டாலோவும் 1986 முதல் 1991 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட மத்திய ஐரோப்பிய நன்னீர் டயாட்டம் நூல் அருமையான நூல். அது மத்திய ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டது. அதைத் தென்துருவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது படித்தவர்களின் பிழை. பின்னியூலேரியா பொரியாலிஸ், ஹான்ட்ஸ்கியா ஆம்ஃபியாக்ஸிஸ், நவிக்குலா மியூட்டிகா என்று பழக்கமான பெயர்கள் அன்டார்க்டிக் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் அந்த உயிர்கள் அங்கே இருந்தன என்பது மட்டும் இல்லை; அருகில் வைத்துப் பார்க்க வேறு பெயர் யாரிடமும் இருக்கவில்லை.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. பழைய மாதிரிகளையும் புதிய மாதிரிகளையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு பேரினமாகத் திருத்தி எழுதினார்கள். அன்டார்க்டிக் பகுதியின் நன்னீர் டயாட்டம் சிற்றினங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வேறெங்கும் இல்லாதவை என்று இப்போது தெரிகிறது. அதனால் கேட்டவரின் ஐயம் நியாயமானது. அதே நேரம், லூட்டிகோலா அந்தத் திருத்தத்தில் மிக அதிகமாக உழப்பட்ட பேரினம். ஜேம்ஸ் ராஸ் தீவு, லிவிங்ஸ்டன் தீவு, துணை அன்டார்க்டிக் தீவுகள் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் புதிய லூட்டிகோலாக்கள் ஏற்கெனவே வெளிவந்துவிட்டன. உங்கள் டயாட்டத்துக்கு ஐரோப்பாவில் பெயர் இல்லாமல் இருக்கலாம், பக்கத்துத் தீவில் இருக்கக்கூடும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் பொறி டயாட்டத்தின் உடலிலேயே இருக்கிறது. ஒரு டப்பாவும் அதன்மேல் இறங்கும் மூடியும்போல இரண்டு சிலிக்கா வால்வுகள் கொண்டது அதன் ஓடு. செல் பிரியும்போது ஒவ்வொரு சேயும் தாயின் ஒரு வால்வை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் புதிய வால்வு ஒன்றைச் செய்துகொள்கிறது. தாயின் சிறிய பாதியை எடுத்துக்கொண்ட சேய் தாயைவிடச் சிறியதாகிவிடும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தின் சராசரி அளவு சுருங்கிக்கொண்டே போகும்; கடைசியில் பாலினப்பெருக்கம் நடந்து ஆக்ஸோஸ்போர் என்னும் பெரிய செல் உருவாகும்போதுதான் பழைய பெரிய அளவு திரும்பும். 1869 இலேயே மெக்டொனால்டும் ஃபிட்ஸரும் தனித்தனியாகக் கண்டு சொன்னது இது.

சுருங்கும்போது வடிவம் அப்படியே குறைவதில்லை என்பதுதான் நமக்குத் தொல்லை. நீளம் வேகமாகக் குறையும், அகலம் மெல்லக் குறையும். பெரிய வால்வில் முனைகள் தலைபோலப் புடைத்துக் கழுத்து தெளிவாகத் தெரியும். அதே சிற்றினத்தின் சிறிய வால்வு கழுத்தே இல்லாமல் நீள்வட்டமாக நிற்கும். இரண்டையும் தனித்தனிப் படமாகப் பார்த்தால் இரண்டு சிற்றினம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். நான் இந்த வேலையைக் கற்கத் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் ஒரு ஸ்லைடில் இரண்டு பெயர் குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் எல்லாப் படங்களையும் ஒரே உருப்பெருக்கத்தில் அச்சிட்டு, பெரியதிலிருந்து சிறியது வரை மேசையில் வரிசையாக அடுக்கினேன். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கைவைக்க முடியவில்லை. இரண்டு பெயரும் ஒன்றாயின. அன்றிலிருந்து அந்த வரிசையை அடுக்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

கேட்டவர் 20 மைக்ரான் என்று ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறார். அது ஒரு செல்லின் நீளம். சிற்றினத்துக்கு வேண்டியது வீச்சு: மிகச் சிறியது எவ்வளவு, மிகப் பெரியது எவ்வளவு, எத்தனை வால்வுகளை அளந்தீர்கள். குறைந்தது இருபத்தைந்து முப்பது வால்வுகளை அளக்காமல் எழுதப்பட்ட விவரிப்பைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. மாதிரியில் இரண்டே இரண்டு வால்வுதான் கிடைத்தது என்றால், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் காத்திருங்கள். துருவக் குளங்களில் காற்று பலதையும் கொண்டுவந்து போடும். கடல் தெறிப்பிலிருந்து கடல் டயாட்டம்களும் வரும். உறைந்தும் உருகியும் வாழும் செல்கள் சில சமயம் கோணலான ஓடுகளையும் செய்யும். ஒற்றை வால்வை வைத்துப் பெயரிட்டால், ஓர் ஊனத்துக்குப் பெயரிட்டதாக முடியலாம். உங்கள் மாதிரியில் அது நிறைய வருகிறது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி.

மாதிரியைச் சுத்தம் செய்யும் முன் ஒரு துளியை அப்படியே ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். உயிருள்ள செல்களுக்குள் பழுப்பு மஞ்சள் நிறத்தில் பசுங்கணிகம் தெரியும். அது தெரிந்தால் அந்தச் சிற்றினம் அந்த மாஸில்தான் வாழ்கிறது என்று துணிந்து எழுதலாம். எல்லாம் வெற்று ஓடுகளாக இருந்தால், எங்கிருந்தோ வந்து சேர்ந்தவையாக இருக்கக்கூடும். இந்த ஐந்து நிமிட வேலையைப் பலர் தவறவிடுகிறார்கள். சுத்தம் செய்த பிறகு அந்தத் தகவல் திரும்பவே திரும்பாது.

சுத்தம் செய்வதற்குத் துருவ டயாட்டம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கையாள்வது வான் டெர் வெர்ஃப் 1955 இல் எழுதிய முறை. மாதிரியின் ஒரு பகுதியை எடுத்து 37 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்து மிச்ச கரிமப்பொருளை எரித்து முடிப்பார்கள். மாஸ் நிறைய இருந்தால் நுரை பொங்கிக் குழாயை விட்டு வழியும், ஆகவே சிறிது சிறிதாக, புகைபோக்கிக் கூண்டுக்குள் செய்யுங்கள். பிறகு வடிநீரில் கழுவி, மையவிலக்கியில் சுழற்றி, மீண்டும் கழுவி என்று பலமுறை. ஒரு குழாய்க்கு ஒரு பிப்பெட் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மாதிரியிலிருந்து பத்து வால்வுகள் அடுத்த குழாய்க்குத் தாவினால், அந்தத் தீவில் இல்லாத ஒன்று அந்தத் தீவின் பட்டியலில் ஏறிவிடும். அப்படி ஏறியதை இறக்குவதற்குச் சில சமயம் முப்பது ஆண்டு ஆகும்.

கழுவிய நீரை லேசான பால் மங்கல் தெரியும் அளவுக்கு நீர்த்து, கவர்ஸ்லிப்பில் ஒரு துளி விட்டு, சூடாக்காமல் அறை வெப்பத்திலேயே காய விடுங்கள். அவசரப்பட்டுச் சூடாக்கினால் துளிக்குள் ஓட்டம் உண்டாகி வால்வுகள் ஓரத்தில் வளையமாகக் குவிந்துவிடும். தானாகக் காய்ந்த துளியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்ததுபோல் சீரான ஒரு மங்கல் இருக்கும். அதுதான் நல்ல ஸ்லைடு. அதன் மேல் நாஃப்ராக்ஸ் பிசின் வைத்து மூடுகிறோம். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 அளவு, டயாட்டம் ஓட்டின் சிலிக்காவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, நாஃப்ராக்ஸுக்கு 1.7 அளவு. இந்த இடைவெளி இருப்பதால்தான் ஓட்டின் வரிகள், அதாவது துளைகள் அடுத்தடுத்து நிற்கும் வரிசைகள், கண்ணுக்குத் தெரிகின்றன. நீரிலோ கிளிசரினிலோ பார்த்தால் அதே வரிகள் பாதி மறைந்துவிடும்.

ஒளி நுண்ணோக்கியில் 1000 மடங்கு உருப்பெருக்கத்தில், எண்ணெய் இட்டு, நீளம், அகலம், 10 மைக்ரானுக்குள் எத்தனை வரிகள், மையப் பகுதியின் வடிவம், முனைகளின் வடிவம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வரிகளை நடுவிலும் எண்ணுங்கள், முனைக்கு அருகிலும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். லூட்டிகோலாவில் மையப் பகுதியின் ஒரு பக்கத்தில் தனித்து நிற்கும் ஒரு புள்ளி உண்டு, ஸ்டிக்மா என்பார்கள். குவியத் திருகை ஒரு மயிரிழை திருப்பினால் அது வெள்ளைப் புள்ளியாக மின்னும், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் கரும்புள்ளியாகும். அது மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடும், கவனமாகக் குறியுங்கள்.

மிச்சத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்லும். ஒளி நுண்ணோக்கி 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது, லூட்டிகோலாவின் அடையாளங்கள் பல அதற்குக் கீழேதான் இருக்கின்றன. வெளிப்பக்கமும் உள்பக்கமும் இரண்டும் வேண்டும். வெளியே, ராஃபே என்னும் நடுக்கீற்றின் மைய முனைகள் ஸ்டிக்மா இருக்கும் பக்கம் வளைகின்றனவா, எதிர்ப்பக்கமா; கடைமுனைகள் எங்கே போய் முடிகின்றன, ஓரச் சரிவு வரை இறங்குகின்றனவா; துளைகள் வட்டமா நீள்வட்டமா; ஒரு வரியில் எத்தனை. உள்ளே, வரியின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய சிலிக்கா ஏடு தொடர்ச்சியான பட்டையாக ஓடுகிறதா. ஸ்டிக்மாவின் உள்வாய் எப்படித் திறக்கிறது. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் குழல் இருக்கிறதா. பட்டையும் ஓரக்குழலும் பேரினத்தை உறுதி செய்யும். 1990 இல் ரவுண்ட், கிராஃபோர்டு, மான் மூவரும் எழுதிய பெருநூலில் மான் இந்தப் பேரினத்தை நவிக்குலாவிலிருந்து பிரித்தது இத்தகைய அடையாளங்களை வைத்துத்தான். நான் முதன்முதலில் ஒரு லூட்டிகோலாவின் உள்பக்கத்தைத் திரையில் பார்த்தபோது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். அத்தனை சிறிய உயிர், உறைந்த கரையில், யாரும் பார்க்காத உள்சுவரில், அத்தனை ஒழுங்காக வேலை செய்து வைத்திருக்கிறது.

இவ்வளவும் முடித்தால் விவரிப்பு தயார் என்று எண்ண வேண்டாம். கடினமான பகுதி இனிமேல்தான்: ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வொரு நெருங்கிய உறவினரோடும் வைத்து ஒப்பிட வேண்டும். பிற்கால நூல்களின் படங்கள் இதற்குப் போதாது. பெயர் எந்த மாதிரிக்கு முதலில் வைக்கப்பட்டதோ அந்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும், டைப் என்கிறோமே, அதனோடு.

ஓர் எடுத்துக்காட்டு. 1897 முதல் 1899 வரை பயணம் செய்து, இடையில் அன்டார்க்டிக் கடலில் உறைபனியில் சிக்கிக் குளிர்காலத்தைக் கழித்த பெல்ஜிகா கப்பல் கொண்டுவந்த டயாட்டம்களை ஆன்ட்வெர்ப்பைச் சேர்ந்த ஆன்றி வான் ஹெர்க் ஆராய்ந்து 1909 இல் வெளியிட்டார். அதில் நவிக்குலா மியூட்டிகாப்ஸிஸ் என்று ஒன்றுக்குப் பெயரிட்டார். இப்போது அது லூட்டிகோலா மியூட்டிகாப்ஸிஸ். அடுத்து வந்தவர்கள் அன்டார்க்டிக்கில் தலைபோன்ற முனையோடு எந்த லூட்டிகோலாவைப் பார்த்தாலும் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். பெரியது, சிறியது, அகன்றது, ஒடுங்கியது எல்லாம் ஒரே பெயருக்குள் போய்விட்டன. அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் வான் ஹெர்க் உண்மையில் எதைப் பார்த்தார் என்று முதலில் தெரிய வேண்டும். அவருடைய தொகுப்பு பெல்ஜியத்தின் மெய்ஸே தாவரவியல் பூங்காவில் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றுக்குத் தனிப்பெயர் கொடுக்க வழி பிறந்தது.

ஷாக்கிள்டனின் நிம்ராட் பயணத்தில் (1907–1909) உயிரியலாளராகப் போன ஜேம்ஸ் முர்ரே சேகரித்த பாசிகளை வெஸ்ட் தந்தையும் மகனும் 1911 இல் விவரித்தார்கள். நவிக்குலா முர்ரேயி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதுவும் இன்று லூட்டிகோலாதான். ஆகவே உங்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் 1909, 1911 இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கெர்கெலன் தீவுகளுக்கு பூரெலி, மாங்கன் இருவரும் 1954 இல் எழுதியதைப் பார்க்க வேண்டும். பெயர்களைத் தேட ஆல்கேபேஸ், டயாட்டம்பேஸ் இரண்டு இணையத் தரவுத்தளங்களும் உதவும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. முதல் விவரிப்பை எடுத்து, அதன் மொழி ஜெர்மனோ லத்தீனோ பிரெஞ்சோ, முழுதாகப் படித்தாக வேண்டும். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எரென்பெர்க் அபிரக ஏடுகளில் ஒட்டி வைத்த டயாட்டம்கள், பிரெமர்ஹாவெனில் ஹுஸ்டெட் தொகுப்பு, லண்டன், ஃபிலடெல்ஃபியா தொகுப்புகள் என்று மூல மாதிரிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எழுதிக் கேட்டால் காப்பாளர்கள் படமெடுத்து அனுப்புவார்கள், சில சமயம் ஸ்லைடையே இரவல் தருவார்கள். தயங்காமல் கேளுங்கள்.

வடதுருவத்து மாதிரியாக இருந்திருந்தால் நான் இன்னும் தயங்கச் சொல்லியிருப்பேன். ஆர்க்டிக் நிலப்பகுதிகள் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவோடு ஒட்டியும் அருகிலும் கிடப்பவை. நீரும் பறவையும் காற்றும் எளிதில் கடத்தும். ஸ்பிட்ஸ்பெர்கன் நன்னீர் டயாட்டம்களை லாகர்ஸ்டெட் 1873 இலேயே எழுதிவிட்டார். கிளீவேயும் குருனோவும் 1880 இல் ஆர்க்டிக் டயாட்டம்களை விரித்து எழுதினார்கள். அங்கே புதிது என்று தோன்றுவது பலமுறை ஸ்காண்டிநேவியப் பழைய நூலில் தூங்கிக்கொண்டிருக்கும். அன்டார்க்டிக் கண்டம் தெற்குப் பெருங்கடலால் துண்டிக்கப்பட்டது. சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே குளிர் கடுமையானபோது தூந்திரமும் அதன் ஏரிகளும் அழிந்தன. மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குப் பகுதியின் பழைய ஏரிப் படிவுகளில் இன்று அந்தக் கண்டத்தில் இல்லாத நன்னீர் டயாட்டம்கள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. எஞ்சியவை தனியே வளர்ந்தன. தெற்கில் தனிச் சிற்றினங்கள் அதிகம் இருப்பதற்கு இந்த வரலாறு அடிப்படை.

டி.என்.ஏ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயரிடல் விதி அதைக் கேட்கவில்லை. ஆனால் மாதிரி இன்னும் உயிரோடு இருந்தால் முயன்று பாருங்கள் என்பேன். ஒற்றைச் செல்லை நுண்குழாயால் பிரித்தெடுத்து, குளிர்ந்த வெப்பநிலையில் வளர்த்து, டயாட்டம்களுக்கு வழக்கமான ஆர்பிசிஎல் மரபணுவையும் 18எஸ் மரபணுவின் ஒரு பகுதியையும் படிப்பார்கள். பின்னியூலேரியா பொரியாலிஸ் என்று ஒரே பெயரில் உலகம் முழுக்கப் பதிவான டயாட்டத்தை இப்படிப் பார்த்தபோது, அந்தப் பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது; ஓட்டின் தோற்றத்தை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க முடியவில்லை. உங்கள் மாதிரி ஃபார்மலினில் போடப்பட்டதென்றால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. ஓட்டின் உருவமே உங்கள் சான்று, அது போதும். மரபணு இருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாத கட்டுரையைவிட, மரபணு இல்லாமல் மூல மாதிரிகளோடு நன்றாக ஒப்பிட்ட கட்டுரைதான் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

விதிகள் சில உண்டு, அவற்றில் ஒன்று தவறினாலும் பெயர் செல்லாது. டயாட்டம்கள் பாசிகள் ஆகையால் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிநூல் பொருந்தும். 2024 மாட்ரிட் மாநாட்டுக்குப் பிறகு 2025 இல் வந்த பதிப்புதான் இப்போது நடப்பில் உள்ளது. 1958 முதல் பாசிச் சிற்றினம் எதற்கும் படம் கட்டாயம், டைப் எது என்று குறிப்பிடுவதும் கட்டாயம். 1990 முதல் அந்த டைப் எந்த ஹெர்பேரியத்தில், அதாவது தாவர மாதிரித் தொகுப்பகத்தில், வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். விவரிப்பு லத்தீனில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை 2011 முடிவோடு போயிற்று. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. அதே ஆண்டு முதல், ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இணைய இதழில் பி.டி.எஃப். வடிவில் வந்தாலும் அது முறையான வெளியீடுதான். ஆய்வேட்டில் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஃபைட்டோடாக்ஸா, டயாட்டம் ரிசர்ச், ஃபோட்டியா போன்ற இதழ் ஒன்றில் வரட்டும்.

டைப் ஸ்லைடைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஸ்லைடில் உங்கள் டயாட்டம் மட்டும் இருக்காது; நாற்பது ஐம்பது சிற்றினங்கள் கலந்து கிடக்கும். எந்த வால்வு ஹோலோடைப் (பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி) என்பதை வைர முனையால் கண்ணாடியில் வட்டமிட்டு, இங்கிலாந்து ஃபைண்டர் (ஸ்லைடில் இடத்தைக் குறிக்க உதவும் கட்டமிட்ட கண்ணாடி) கட்ட எண்ணோடு எழுதுங்கள். அதே வால்வின் படம் கட்டுரையில் இருக்கட்டும், இது ஹோலோடைப் என்று குறிப்போடு. அதே சேகரிப்பிலிருந்து செய்த இன்னும் இரண்டு ஸ்லைடுகளை வேறு நாட்டு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புங்கள். சுத்தம் செய்த பொருளின் மிச்சத்தை ஆல்கஹாலில் ஒரு சிறு குப்பியில் போட்டு ஸ்லைடோடு சேர்த்தே ஒப்படையுங்கள். வான் ஹெர்க் காலத்துப் பொருளை இன்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் பொருளை எறியாமல் வைத்திருந்தார். பிசினில் புதைந்த வால்வை எடுத்துப் பொன்முலாம் பூசிப் பார்ப்பது பெரும்பாடு. குப்பியில் இருந்தால் அரை நாள் வேலை.

பெயர் வைப்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு. இடத்தின் பெயர், வடிவத்தின் பெயர், மரியாதைக்குரிய ஒருவரின் பெயர் எதுவும் ஆகலாம். ஆண் பெயரென்றால் இகரத்தில் முடியும், பெண் பெயரென்றால் லத்தீன் முறைப்படி ஏகாரம்போல் ஒலிக்கும் இரட்டை உயிரில் முடியும். பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். லூட்டிகோலாவை வழக்கமாகப் பெண்பாலாகக் கொள்கிறார்கள், ஆகவே பரந்தது என்று சொல்ல லேட்டஸ் என்று எழுதாமல் லேட்டா என்று எழுத வேண்டும். நினைத்த பெயர் அதே பேரினத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் துறையில் இல்லை.

மாதிரி எடுக்கப்பட்டதற்கு அனுமதி இருந்ததா என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். 1991 இல் கையெழுத்தாகி 1998 இல் நடைமுறைக்கு வந்த அன்டார்க்டிக் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை, நன்னீர்ப் பாசிகளையும் அந்த மண்ணுக்குரிய தாவரங்கள் என்றே கணக்கில் எடுக்கிறது. லிவிங்ஸ்டன் தீவின் பையர்ஸ் தீபகற்பம் போன்ற இடங்கள் தனிப்பாதுகாப்புப் பகுதிகள். அங்கே காலெடுத்து வைப்பதற்கே அனுமதிச்சீட்டு வேண்டும். இதழ் ஆசிரியர்கள் இதைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுதுவது முறை. அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நீரின் பி.எச்., மின்கடத்துதிறன், மாஸ் ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா, அருகில் பெங்குவின் குடியிருப்போ யானைச்சீல் கூட்டமோ இருந்ததா என்பதெல்லாம் களக்குறிப்பில் இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். சில லூட்டிகோலாக்கள் வறண்ட மாஸை விரும்பும், சில ஈர மண்ணை. சத்து மிகுந்த எச்சக் கரையில் வருவது ஒன்று, தெளிந்த நீரோடையில் வருவது வேறொன்று. துருவ ஏரிகளின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அதில் படிந்த டயாட்டம் ஓடுகளைக் கொண்டுதான் பல ஆயிரம் ஆண்டுகளின் ஈரத்தையும் உப்பையும் கணிக்கிறார்கள். ஈர மாஸில் வாழும் ஒன்றும் வறண்ட மண்ணில் வாழும் ஒன்றும் ஒரே பெயரில் எண்ணப்பட்டால் அந்தக் கணிப்பு பிசகும். பெயரில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்த ஸ்லைடில் இந்த டயாட்டத்தின் முப்பது வால்வுகளைப் படமெடுத்து, ஒரே அளவுகோலில், நீளவாரியாக ஒரு பக்கத்தில் அடுக்குங்கள். பக்கத்திலேயே லூட்டிகோலா மியூட்டிகாப்ஸிஸின் மூல மாதிரிப் படத்தையும், தெற்கு ஷெட்லாந்து, ஜேம்ஸ் ராஸ் தீவு லூட்டிகோலாக்களின் மூலப் படங்களையும் அதே அளவுகோலுக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஸ்டிக்மாவின் இடம், வரிகளின் அடர்த்தி, ராஃபே முனைகள் வளையும் பக்கம் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூன்றில் இரண்டிலாவது, பெரிய வால்வு முதல் சிறிய வால்வு வரை, உங்களுடையது விலகியே நின்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நேரம் கேட்டு எழுதுங்கள். மாதிரியின் மிச்சத்தில் பாதியைத் தொடாமல் எடுத்து வையுங்கள்.